லைவ்வெல்லில் எத்தனை, பிரீசரில் எத்தனை? பாஸ் போட்டிகளில் கைவச வரம்பும் கல்லிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ஜூன் நெருங்கும்போது எங்கள் தூண்டில் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இதே கேள்விகளோடு வருவார்கள். ஸ்காபரோவிலிருந்து விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டு சிம்கோ ஏரிக்குப் போகும் வழியில், காருக்குள்ளேயே பாதி வகுப்பு நடந்துவிடும். இவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும், பிடித்ததை எண்ணத்தான் தெரியாது. போட்டியில் ஆளைக் கவிழ்ப்பதும் அந்த எண்ணிக்கைதான்.

இங்கே சொல்வது பெரும்பாலும் கனடாவின் ஒன்ராறியோ மாகாண விதிகள். மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிம்கோ ஏரி 16ஆவது வலயம். ஒன்ராறியோ ஏரியும் சென்ட் லோரன்ஸ் ஆறும் 20ஆவது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால், மாகாண அரசு வெளியிடும் அந்த வருடச் சுருக்கத்தில் உங்கள் வலயத்தை ஒருமுறை பார்த்துவிட்டே தண்ணீரில் இறங்குங்கள்.

முதலில், இந்தப் போட்டி எப்படி நடக்கிறது?

பாஸ் என்பது இங்கே முதலாளியும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஏரியில் வாழும் நன்னீர் மீன். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று இரண்டு வகை. காலையில் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பும். பிடித்த மீன்களை லைவ்வெல், அதாவது மீனை உயிரோடு வைத்திருக்கப் படகில் உள்ள தண்ணீர்ப் பெட்டியில் போடுவார்கள். பின்னேரம் ஒவ்வொருவரும் தங்களிடம் உள்ள மிகப் பெரிய ஐந்து மீன்களை உயிரோடு கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். மொத்த எடை அதிகமானவர் வெல்வார். நிறுத்த பிறகு மீன்கள் ஏரிக்கே திரும்பிப் போகும். ஒரு நாளில் முப்பது மீன் பிடித்தாலும் கணக்கில் வருவது ஐந்துதான்.

கல்லிங் என்றால் என்ன?

தமிழில் கழித்துவிடுவது என்று சொன்னால் சரியாகப் பொருந்தும். படகில் ஐந்து மீன் இருக்கிறது. ஆறாவதாக ஒன்று, கொஞ்சம் பெரியது, மாட்டுகிறது. இருப்பதில் சின்னதை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட்டு அந்த இடத்தில் பெரியதை வைப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம். போட்டியாளனின் அரை நாள் இதிலேயே போகும். காலையில் ஒன்றரை இறாத்தல் மீன்களாக இருந்த பெட்டி பின்னேரம் மூன்று இறாத்தல் மீன்களாக மாறுவது இப்படித்தான்.

நாள் வரம்பு, கைவச வரம்பு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆள் வழுக்கி விழுகிற இடமே இதுதான்.

நாள் வரம்பு என்பது ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. ஏரிக்கரையில் சுட்டுச் சாப்பிட்டதும், பக்கத்துப் படகுக்காரருக்குக் கொடுத்ததும் உங்கள் அன்றைய கணக்கில்தான் சேரும். கைவச வரம்பு என்பது எந்த நேரத்திலும் உங்களிடம் இருக்கக்கூடிய மொத்தம். படகில் உள்ளது, காரில் ஐஸ் பெட்டியில் உள்ளது, வீட்டு பிரீசரில் உறைந்து கிடப்பது எல்லாம் ஒரே கணக்கு. ஒன்ராறியோவில் வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, கைவச வரம்பு ஒரு நாள் வரம்புக்குச் சமம். சிம்கோவில் முழு விளையாட்டு உரிமம், அதாவது ஸ்போர்ட் லைசென்ஸ், வைத்திருப்பவருக்கு இரண்டு வகை பாஸும் சேர்த்து 6.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. டெக்சாசில் பொதுவாகக் கைவச வரம்பு நாள் வரம்பின் இரண்டு மடங்கு. அங்கே மீன் பிடித்துப் பழகிய ஒருவர் இங்கே வந்து அதே கணக்கைப் போட்டால் மாட்டிக்கொள்வார்.

அண்ணை, போன கிழமை பிடித்த பாஸ் நாலு பிரீசரில் இருக்கிறது. இந்த ஞாயிறு போட்டிக்கு வரலாமா?

வரலாம், ஆனால் உங்களுக்கு இரண்டு மீன்தான் இடம் இருக்கிறது. நாலோடு இரண்டு, ஆறு. மூன்றாவது மீனை லைவ்வெல்லில் போட்ட நிமிடம் கைவச வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அந்த மீனைப் பின்னேரம் உயிரோடு விடப்போகிறீர்கள் என்பது உங்கள் மனதில் இருக்கும் நினைப்பு. சட்டம் பார்ப்பது இப்போது கையில் என்ன இருக்கிறது என்பதை.

நான் என் முதல் சீசனில் இதைத் தெரியாமலேயே இரண்டு போட்டிக்குப் போயிருக்கிறேன். பிடிபடவில்லை. பிறகு விதியை வாசித்தபோதுதான் விளங்கியது, எங்கள் வீட்டு பிரீசரில் ரொட்டிக்கும் முருங்கைக்காய்ப் பொதிக்கும் நடுவில் கிடந்த மீன் துண்டுகளும் போட்டியில் கலந்துகொண்டிருந்தன என்று. இப்போது போட்டிக்கு முந்தின வாரம் குழம்பு வைத்து முடித்துவிடுவோம். மனைவிக்கு இதில் சந்தோஷம். பிரீசரில் இடம் கிடைக்கிறது.

ஒரு மீன் எந்த நிமிடத்தில் ‘என்னுடையது’ ஆகிறது?

தூண்டிலில் மாட்டும்போது அல்ல. கொக்கியைக் கழற்றி, ஒரு படம் எடுத்து, உடனே தண்ணீரில் விட்டால் அது உங்கள் கணக்கில் வராது. லைவ்வெல்லில் போட்டாலோ, கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்டாலோ, வாளியில் வைத்தாலோ அது உடனே விடப்படாத மீன். அப்போதே கணக்கில் ஏறிவிடுகிறது. விதியில் உள்ள சொல் ‘உடனே’ என்பதுதான். ‘கொஞ்சம் பார்த்துவிட்டு விடுவோம்’ என்று பத்து நிமிடம் பெட்டியில் வைத்ததை உடனே என்று எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது.

அப்படியானால் லைவ்வெல்லில் போட்ட மீனைத் திரும்ப விட்டாலும் அது அன்றைய கணக்கில் இருக்குமே? கல்லிங்கே சட்டவிரோதம் ஆகிவிடாதா?

நல்ல கேள்வி. பொதுவிதி அப்படித்தான் சொல்கிறது. ஒருமுறை வைத்துக்கொண்டதைப் பிறகு விட்டாலும் எண்ணிக்கை குறையாது. மஞ்சள் பெர்ச் மீனுக்கு இன்றைக்கும் அதுதான் நிலை. ஆனால் ஒன்ராறியோ நாலு வகை மீன்களுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: வால்ஐ, நோர்தேர்ன் பைக், லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத். இவற்றைத் தகுதியான லைவ்வெல்லில் வைத்திருந்து பிறகு உயிரோடு விட்டால், விட்டது கணக்கில் சேராது. தேர்ந்து விடுதல் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விலக்கு இல்லையென்றால் ஒன்ராறியோவில் இன்று நடக்கும் விதத்தில் பாஸ் போட்டியே நடத்த முடியாது.

தகுதியான லைவ்வெல் என்றால்?

படகோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். மீன்களுக்குப் போதுமான தண்ணீர் கொள்ள வேண்டும். பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மீன் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் இயந்திரத்தால் காற்று ஊட்டப்பட வேண்டும். பற்றரி இறங்கிவிடுமே என்று பம்பை நிறுத்தி வைத்தால், மீன் கஷ்டப்படுவது ஒருபுறம் இருக்க, அந்த விலக்கும் உங்களுக்கு இல்லை. பெரிய கூலர் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, வாளியால் அவ்வப்போது ஊற்றிக் கலக்கினால் போதாது.

கரையில் நின்று பிடிப்பவருக்கும், கயிற்றில் கோர்த்து வைப்பவருக்கும் கல்லிங் கிடையாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

சட்டத்துக்கு ஏன் இதில் இவ்வளவு சந்தேகம்? மீனைத் திரும்ப விடுவது நல்ல காரியம்தானே?

உயிரோடு போகிற மீன் என்றால் நல்லதுதான். கழித்துவிடும் மீன் பெரும்பாலும் செத்த மீனாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கயிற்றில் காலையிலிருந்து தொங்கிய சின்ன மீன், பின்னேரம் பெரியது கிடைத்ததும் தண்ணீரில் வீசப்படும். வரம்பு ஆறு என்று காகிதத்தில் இருக்கும். செத்தது பதினைந்தாக இருக்கும். வரம்பு என்ற ஒன்றையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுகிற வேலை அது.

போட்டி பாஸ் தூண்டிலுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ரே ஸ்கொட் என்ற அலபாமாக்காரர். காப்புறுதி விற்றுக்கொண்டிருந்தவர். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் தலைக்கு 100 டொலர் வாங்கி 106 பேரை வைத்து ஒரு போட்டி நடத்தினார். அடுத்த வருடம் பாஸ்மாஸ்டர் சங்கத்தை ஆரம்பித்தார். அந்தத் தொடக்க காலத்தில் மீன்களை உயிரோடு திருப்பி விடும் வழக்கம் இல்லை. 1972இல்தான் பிடித்ததைக் கொல்லாதே என்ற இயக்கத்தை அவர் தொடங்கினார். காற்று ஊட்டும் லைவ்வெல் படகுகளில் பரவியது அதற்குப் பிறகு. பம்ப் என்ற ஒரு சின்னச் சாமான் வந்ததால்தான் கல்லிங் விரயம் என்ற நிலையிலிருந்து விளையாட்டு என்ற நிலைக்கு வந்தது. விதிகள் சில இடங்களில் இன்னும் கயிற்றுக் காலத்திலேயே நிற்கின்றன. அதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

சட்டம் 6 என்கிறது, போட்டி 5 என்கிறது. அந்த ஒரு மீன் எதற்கு?

ஐந்து என்பது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். ஒன்ராறியோவுக்காக யாரும் யோசித்து வைத்ததல்ல. ஆனால் இங்கே அது நமக்குப் பெரிய உதவி.

ஐந்து மீன் பெட்டியில். ஆறாவதைப் படகுக்குள் எடுத்துவிட்டீர்கள். இப்போது எது சின்னது என்று பார்க்க வேண்டும். பார்க்கும் அந்த ஒரு நிமிடம் உங்கள் கைவசம் ஆறு மீன் இருக்கிறது. சட்ட வரம்பு ஆறு, ஆகவே நீங்கள் இன்னும் உள்ளேதான் நிற்கிறீர்கள். ஏற்கனவே ஆறு வைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. ஏழாவதை எடைபோடவும் ஒப்பிடவும் நேரமில்லை. வரம்பு நிறைந்த பிறகு மாட்டுவது உடனே தண்ணீருக்குப் போக வேண்டும், அது உங்கள் வாழ்நாளிலேயே பெரிய மீனாக இருந்தாலும். ஆகவே போட்டி இல்லாத நாளிலும் நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

பிரீசரில் ஒரே ஒரு மீன் இருந்தாலும் இந்த மூச்சுவிடும் இடம் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

நான் எடுத்தது கொன்சர்வேஷன் லைசென்ஸ். பரவாயில்லையா?

போட்டிக்குச் சரிவராது. விலை குறைவு என்று பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் பாஸ் வரம்பு 2. மூன்றாவது மீனைப் பெட்டியில் போட முடியாது.

இருவர் சேர்ந்து ஒரு படகில் ஐந்து மீன் கொண்டுவரும் அணிப் போட்டி என்றால் கணக்கு இன்னும் வேடிக்கையானது. இருவருக்கும் கொன்சர்வேஷன் என்றால் மொத்தம் 4, ஐந்தாவது மீனுக்கு இடமே இல்லை. ஒருவருக்கு ஸ்போர்ட், மற்றவருக்குக் கொன்சர்வேஷன் என்றால் 6 + 2 = 8 என்று மனம் சொல்லும். தப்பு. ஒன்ராறியோவில் மீன் பிடித்தவர் பெயரில்தான் எண்ணப்படும். கொன்சர்வேஷன் வைத்திருப்பவருக்கு அன்று அதிர்ஷ்டம் அடித்து, பெட்டியில் உள்ள ஐந்தில் நாலு அவர் பிடித்தது என்றால், எட்டு என்ற கூட்டல் அவரைக் காப்பாற்றாது. போட்டிக்கு வருகிறீர்களா, ஸ்போர்ட் எடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். 18 வயதுக்குக் கீழும், 65 வயதிலும் அதற்கு மேலும் உள்ள கனடாவில் வசிப்பவர்களுக்கு லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. அவர்களுக்கு ஸ்போர்ட் வரம்புதான்.

அப்போ ஒரே பெட்டியில் யாருடைய மீன் எது என்று எப்படிச் சொல்வது?

நிறச் சீட்டு. ஒவ்வொரு மீனின் கீழ்த்தாடையிலும் ஒரு நிறக் கிளிப், அதிலிருந்து ஒரு சிறு மிதவை. இருவர் போகும்போது எனக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள். கூட வருபவருக்கு நீலம், வெள்ளை, கறுப்பு என்று பிரித்துக்கொள்வோம். தாடையைத் துளைக்கும் பழைய கொக்கிகளை வாங்காதீர்கள். பாஸ்மாஸ்டர் போட்டிகளில் துளைக்காத கிளிப்தான் அனுமதி. மற்றப் போட்டிகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன.

மினசோட்டாவில் ஒரே படகில் இருப்பவர்களின் வரம்பைக் கூட்டி எண்ண அனுமதி உண்டு. இங்கே இல்லை. அங்கிருந்து வரும் நண்பர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

கல்லிங்கை எப்படிச் செய்வது? யூடியூபில் பார்த்தால் ஏதோ மாயவித்தை மாதிரி இருக்கிறது.

மாயம் ஒன்றும் இல்லை, ஒழுங்குதான். ஒவ்வொரு மீனும் உள்ளே போகும்போதே எடையை எழுதுங்கள். ‘சிவப்பு 2-9, பச்சை 2-4, மஞ்சள் 1-15’ என்று. முதல் எண் இறாத்தல், இரண்டாவது அவுன்ஸ். மூடியில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டில் பென்சிலால் எழுதுவேன். போன் ஈரக் கையில் வேலை செய்யாது.

ஆறாவது வந்தது. எடைபோட்டேன், 2-3. பட்டியலில் ஆகச் சின்னது மஞ்சள், 1-15. லைவ்வெல் மூடியைத் திறந்து மஞ்சள் மிதவையைப் பிடித்துத் தூக்கினால் மீன் கூடவே வரும். கிளிப்பைக் கழற்றி, தலை கீழாக வீசாமல், வயிற்றின் கீழ் கைகொடுத்து விடுவேன். அதே மஞ்சள் கிளிப்பைப் புது மீனுக்குப் போட்டு, ‘1-15’ஐ அழித்து ‘2-3’ என்று எழுதுவேன். முப்பது வினாடி. எழுதாமல் ஞாபகத்தில் வைத்திருப்பவர்தான் ஐந்து மீனையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் எல்லா மீனும் களைத்துவிடும்.

இரண்டு மீன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்போது துலா உதவும். ஒரு சின்னத் தடி, நடுவில் பிடி, இரண்டு முனையிலும் கொழுவி. இரண்டு மீனையும் கொழுவித் தூக்கினால் பாரமான பக்கம் தாழும். போன வருடம் மழையில் நனைந்துகொண்டு இரண்டு ஸ்மால்மவுத்தைத் துலாவில் தூக்கினேன். படகு ஆட, துலாவும் ஆட, இரண்டும் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பொறுமை போய் நீளமாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு குட்டையானதை விட்டுவிட்டேன். அந்தக் குட்டைதான் வயிறு பருத்தது என்று அது தண்ணீருக்குள் திரும்பும்போதே தெரிந்தது. அன்றைக்கு மூன்று அவுன்ஸில் ஒரு இடம் கீழே போனேன். நீளத்தை நம்பாதீர்கள்.

போட்டி விதியில் இன்னொன்றும் உண்டு. ஆறாவது கையில் இருக்கும்போது மறுபடி தூண்டில் வீசக் கூடாது. முதலில் கழிக்க வேண்டும், பிறகுதான் அடுத்த வீச்சு.

பெட்டியில் ஒரு மீன் செத்துப்போனால் அதைக் கழித்துவிடலாமா?

முடியாது. இதில் சட்டமும் போட்டி விதியும் ஒரே பக்கம். விலக்கு உயிரோடு விடும் மீனுக்கு மட்டும். செத்தது உங்கள் கணக்கில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. அதைத் தண்ணீரில் போட்டால், சாப்பிடக்கூடிய மீனை வீணாக்கிய குற்றம் வேறு சேரும். பாஸ்மாஸ்டர் போட்டிகளிலும் செத்த மீனைக் கழிக்கத் தடை; தராசுக்கு வரும்போது செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் 4 அவுன்ஸ் தண்டம்.

இதன் உண்மையான வலி தண்டத்தில் இல்லை. செத்தது பெரும்பாலும் உங்கள் ஆகச் சின்ன மீனாக இருக்கும். பிறகு நாலு இறாத்தல் மீன் மாட்டினாலும் அந்தச் செத்த ஒன்றரை இறாத்தலை வெளியேற்ற முடியாது. உயிரோடு இருக்கும் மற்ற நாலில் ஒன்றைத்தான் விட வேண்டும். ஐந்து நாற்காலியில் ஒன்று நாள் முழுக்கப் போய்விட்டது. ஆகவே கொக்கியை ஆழமாக விழுங்கி இரத்தம் கசியும் சின்ன மீனைப் பெட்டிக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். நூலை அறுத்து உடனே விடுங்கள். முதல் ஐந்தை நிரப்பும் அவசரத்தில்தான் எல்லோரும் இந்தப் பிழையை விடுவார்கள்.

வெயில் காலத்தில் மீனை உயிரோடு வைத்திருக்க என்ன செய்யலாம்?

சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் தேவை கூட. ஜூலையில் இந்த இரண்டும் சேர்ந்து தாக்கும். வீட்டில் தண்ணீர்ப் போத்தல்களை மூடியோடு உறையவைத்துக் கொண்டுபோய், ஒன்றொன்றாக லைவ்வெல்லில் போடுங்கள். கட்டி ஐஸை நேரே கொட்டினால் குழாய்த் தண்ணீரின் குளோரினும் கூடவே இறங்கும். ஒரேயடியாகக் குளிராக்கவும் வேண்டாம். ஏரியை விடச் சில பாகை குறைந்தால் போதும்.

ஆழத்திலிருந்து ஏற்றிய ஸ்மால்மவுத் சில நேரம் வயிறு மேலே தெரிய மிதக்கும். செத்துப்போகவில்லை, காற்றுப்பை ஊதிவிட்டது. ஊசியால் காற்றை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் அதைத் தொடாதீர்கள்.

இரண்டு நாள் போட்டி என்றால் கணக்கு எப்படி?

முதல் நாள் மீன்கள் உயிரோடு ஏரிக்குப் போய்விட்டால் இரண்டாம் நாள் வெறுங்கையோடு தொடங்குகிறீர்கள். ஆனால் முதல் நாள் இரண்டு செத்து, அவற்றை மோட்டல் பிரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நாள் வரம்பு புதிதாகத் தொடங்கும், கைவச வரம்பு தொடங்காது. 2 + 5 = 7. இரவே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

மற்ற இடங்களில் எப்படி?

எல்லாவற்றையும் சொல்லப் போனால் புத்தகமாகிவிடும். எனக்குச் சுவாரசியமாகப் பட்டவை மட்டும்.

மினசோட்டாவிலும் பாஸ் வரம்பு 6. வரம்பு நிறையும்வரை கழித்துவிடலாம். நிறைந்துவிட்டால் லைவ்வெல்லில் உள்ளதைத் தெரிந்தெடுத்து மாற்றுவதே தடை. ஐந்து மீன் போட்டி அங்கே சரியாகப் பொருந்துவது இதனால்தான். ஆறையும் பெட்டிக்குள் போட்டவருக்கு அன்றைய கதவு சாத்தப்பட்டுவிட்டது.

புளோரிடாவில் 2016இலிருந்து வரம்பு ஐந்து பாஸ், அதில் 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றே ஒன்று. அப்படியே விட்டால் போட்டிக்காரர்கள் ஒரு பெரிய மீனும் நாலு குட்டியும்தான் கொண்டுவர முடியும். ஆகவே போட்டிகளுக்கு மாநிலம் தனி அனுமதி கொடுக்கிறது; நிறுத்த பிறகு மீன்கள் உயிரோடு திரும்பிப் போக வேண்டும்.

டெக்சாசின் லேக் ஃபோர்க் இன்னும் கடுமை. 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீனைத் தொட்டு வைக்கவே கூடாது, அந்த அளவுதான் போட்டியை வெல்லும் அளவு. 2007இல் அங்கே தொடங்கிய டெக்சாஸ் பாஸ் கிளாசிக்கில் படகுக்குப் படகு நடுவரை ஏற்றி, பிடித்த இடத்திலேயே எடைபோட்டு உடனே விட்டார்கள். பெட்டி இல்லை, கைவசம் இல்லை, ஆகவே கழிப்பும் இல்லை. மேஜர் லீக் ஃபிஷிங் நடத்தும், 2019இல் ஆரம்பித்த பாஸ் ப்ரோ டூரும் இதே வழிதான்: பிடி, நிறு, விடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் பையைத் தூக்கிக் காட்டும்போது கூட்டம் போடும் சத்தம் அதில் இல்லை. எனக்கு அது கொஞ்சம் உப்பில்லாத சோறு.

கயாக்கில் போட்டிக்கு வரலாமா?

தாராளமாக. கயாக் போட்டிகள் எடையில் நடப்பதில்லை. அளவுப் பலகையில் மீனை வைத்து, அன்றைய அடையாள எண் தெரியப் படம் எடுத்து, உடனே விடவேண்டும். ஐந்து பெரிய மீன்களின் நீளத்தைக் கூட்டுவார்கள். பிரீசரில் ஆறு இருந்தாலும் கவலையில்லை, ஒன்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளவில்லையே.

சென்ட் லோரன்ஸில் எல்லைக்கோடு நடு ஆற்றில் போகிறது. எந்தக் கணக்கு?

நீங்கள் நிற்கும் தண்ணீரின் கணக்கு. நியூயோர்க் பக்கம் பாஸ் வரம்பு 5, இந்தப் பக்கம் 6. ஆயிரம் தீவுகளுக்குள் ஓடும்போது எந்தத் தீவு யாருடையது என்று கண்ணால் சொல்லவே முடியாது. ஜிபிஎஸ் திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பக்கமும் தூண்டில் போடுவதானால் இரண்டு லைசென்ஸும் வேண்டும்.

சீசனுக்கு முன்னால் பழகிப் பார்க்கலாமா? பிடித்து விட்டால் போதுமே?

வேண்டாம். பாஸ் மீனில் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருப்பது ஆண். அதைக் கொஞ்ச நேரம் கூட்டிலிருந்து எடுத்தாலும் புளூகில் போன்ற சின்ன மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கும் ஒபினிக்கன் ஏரியில் வருடக்கணக்காக இதைக் கவனித்திருக்கிறார்கள். உயிரோடு விட்டாலும் கூடு காலி என்றால் விட்டதில் என்ன பலன்? சீசன் திறக்கும் வரை அந்த மீனைக் குறிவைப்பதே சட்டப்படி தப்பு.

அதிகாரி படகை நிறுத்தினால்?

பம்பை நிறுத்தாமல் மூடியைத் திறந்து காட்டுங்கள். எண்ணுவார், லைசென்ஸ் கேட்பார், யார் எதைப் பிடித்தது என்று கேட்பார். நிறக் கிளிப்பும் எழுதிய துண்டும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ‘இது போட்டி’ என்று சொல்வதால் ஒரு சலுகையும் கிடைக்காது. உயிர் மீனைக் காரில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோவதற்கும் தனி அனுமதி வேண்டும் என்பதால், தராசு இருக்கும் கரைக்கு மீன் படகிலேயே வர வேண்டும்.

நாள் முழுக்க மீன் பிடித்தும் வீட்டுக்கு ஒன்றும் வராதா? வீட்டில் என்ன சொல்வது?

பாஸ் வராது. நான் தராசு முடிந்த கையோடு படகுத்துறைப் பக்கம் மஞ்சள் பெர்ச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுவேன். சிம்கோவில் அதற்கு ஸ்போர்ட் வரம்பு 50. கல்லிங் கிடையாது, சின்னதோ பெரியதோ வாளிக்குள் போனது போனதுதான். ஆகவே உள்ளங்கைக்குச் சின்னதை மாட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். இருபது பெர்ச் இருந்தால் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்து நாலு பேருக்குத் தாராளமாகக் காணும். மிஞ்சியதை பிரீசரில் வைத்தாலும் பயமில்லை, அடுத்த ஞாயிறு பாஸ் கணக்கில் அது வராது.